கிணற்றடியில் தானாக முளைப்பவை

போன மாதம் வவுனியாவில் ஒரு மருந்துக்கடையில் என் மருமகள் எனக்கொரு போத்தல் வாங்கித் தந்தாள். இரத்தச் சோதனையில் என் ஈரல் கொஞ்சம் முணுமுணுக்கிறதாம். எண்பது வயதைத் தாண்டிய ஈரல் முணுமுணுக்காமல் பாட்டா பாடும்? போத்தலுக்குள் பச்சைத் தூள் அடைத்த குளிசைகள். மேலே ஒரு செடியின் படம். படத்துக்குக் கீழே அதன் பெயர், மூன்று மொழியிலும், கொட்டை எழுத்தில். நான் பதறிப்போய் அந்தப் பெயரைப் பெருவிரலால் மூடினேன்.

"என்ன மாமா?" என்றாள் மருமகள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. போத்தல் வழுக்கிச்சுது" என்று சமாளித்தேன்.

அந்தச் செடியை உங்களுக்கும் தெரியும். ஒரு சாண் உயரம், புளியிலையைப் போலச் சின்ன இலை, இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் கடுகு கடுகாகக் காய். செங்கண்மாரி, அதுதான் மஞ்சட்காமாலை, என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற அதேதான். பெயரைச் சொல்லிவிடாதீர்கள். இது முடியும்வரை நானும் சொல்லப் போவதில்லை. கிழவனுக்கு மண்டை கழண்டுவிட்டது என்று நினைத்தால் நினையுங்கள், எனக்கு அதில் வழக்கில்லை.

வீட்டுக்கு வந்து போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டி மணந்தது. அந்தக் காலத்தில் நான் குடித்த மருந்துக்கு அரைத்த பச்சையும் புளித்த மோரும் சேர்ந்த ஒரு மணம் இருந்தது. மூன்று நாள் தொண்டையை விட்டுப் போகாது. அதை நினைத்ததும் உருத்திரபுரத்துக்கு அப்பால் இருந்த அந்தக் குடியேற்றமும், நான் பண்ணிய அட்டகாசமும் நினைவுக்கு வந்துவிட்டன.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. விவசாயப் போதனாசிரியர் என்று ஒரு பதவி, ஒரு சைக்கிள், ஒரு காக்கிக் காற்சட்டை, அரசாங்கம் தந்த இரண்டு அறை வீடு. வயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்தது. சனமோ என்னை 'ஓவசியர் ஐயா' என்றுதான் கூப்பிட்டது. காற்சட்டை போட்டவன் எல்லாம் அவர்களுக்கு ஓவசியர்தான். நானும் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பிடித்திருந்தது.

குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்தின் பத்து ஊர்களிலிருந்து வந்து குடியேறிய சனம் அது. வரும்போது மண்வெட்டி, சட்டிபானையோடு ஆளுக்கொரு கைமருந்தையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இருமலுக்கு வடமராட்சியார் தூதுவளை என்பார்கள். வலிகாமத்தார் ஆடாதோடை என்பார்கள். தீவார் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் திப்பிலியும் என்பார்கள். போன முதல் மாதத்தில் நான் ஒருநாள் வாய்க்கால் கரையில் இரண்டு தரம் இருமிவிட்டேன். மாலைக்குள் மூன்று வீட்டிலிருந்து மூன்று குடிநீர், அதாவது கசாயம், செம்பில் வந்தது. கையில் கொண்டுவந்த மருந்தை வேண்டாமென்று சொல்வது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். மூன்றையும் குடித்தேன். இருமல் நின்றது, வயிறு தொடங்கியது. வயிற்றுக்கு நாலு வந்தது.

இதில் சண்டை வேறு. ஒருமுறை முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில், எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் திறப்பது என்று பேச உட்கார்ந்தோம். தலைவர் வேலுப்பிள்ளை அண்ணர் தும்மினார். யாரோ குடிநீர் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். எட்டுப் பங்கு தண்ணீரை ஒன்றாக வற்றவைக்க வேண்டுமா, நாலை ஒன்றாக வற்றவைத்தால் போதுமா என்று கதை தொடங்கியது. பொழுது சாயும்வரை அதுதான். "நாலொண்டாய்க் காய்ச்சினால் அது மருந்தில்லை, தேத்தண்ணி!" என்று ஒருவர் கதிரையை உதைத்துவிட்டு எழுந்து போனார். தண்ணீர் திறப்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நெல்லு பாவம், காத்துக்கொண்டு நின்றது.

இப்படி எட்டுக்கும் நாலுக்கும் குடுமியைப் பிடிக்கிற சனம் ஒரேயொரு விசயத்தில் மட்டும் ஒற்றுமை. செங்கண்மாரி என்றால் நாகம்மா அக்காவின் கைதான். அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், சிரிக்காத முகம், யாரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற குரல். விடியக் குளித்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் செடியைப் பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கரைத்துத் தருவா. உப்பும் எண்ணெயும் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இதுதான் மருந்து என்று ஒருவரும் செடியைக் காட்டவோ அதன் பெயரை வாயால் சொல்லவோ கூடாது. சொன்னால் பலிக்காது. அந்தப் பூண்டோ எல்லார் கிணற்றடியிலும் வாழைப்பாத்தியிலும் தானாக முளைத்துக் கிடந்தது. நண்டு சிண்டு எல்லாவற்றுக்கும் அது என்னவென்று தெரியும். ஆனாலும் 'அது' என்றுதான் சொல்வார்கள். ஊரெல்லாம் அறிந்த இரகசியத்தை ஊரெல்லாம் சேர்ந்து காப்பாற்றியது. தெரியாதவன் நான் ஒருவன்தான், புத்தகம் படித்தவன் அல்லவா!

அந்த வருடம் எனக்கு இரண்டு காரியம் கூடிவந்தது. சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பெண் பேசி, பொருத்தமும் சரிவந்து, கல்யாணத்துக்கு நாள் வைத்தாகிவிட்டது. பெண்ணைக் கோயிலில் ஒரேயொரு தடவை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வாய்க்கால் தண்ணீரில்கூட அந்த முகம்தான் தெரிந்தது. இரண்டாவது காரியம், கல்யாணத்துக்கு முன் மேலிடத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று என் மூளையில் முளைத்த துப்புரவுப் போட்டி.

'புல்லற்ற முற்றம், பிணியற்ற குடும்பம்.' இந்த வாசகத்தை நானே இயற்றி, நானே மட்டையில் எழுதி, சங்கக் கட்டிடத்தில் தொங்கவிட்டேன். முதற்பரிசு ஒரு பெற்றோல்மக்ஸ் விளக்கு. விதி என்னவென்றால், நூறு புள்ளியில் தொடங்கி, வீட்டு வளவுக்குள் காணும் ஒவ்வொரு பூண்டுக்கும் ஒரு புள்ளி குறைக்கப்படும். வேலுப்பிள்ளை அண்ணர் மட்டையை மூன்று தரம் வாசித்துவிட்டு, "கிணத்தடியுமோ ஐயா?" என்று கேட்டார்.

"கிணத்தடிதான் முக்கியம். அங்கதானே தண்ணி தேங்கி நுளம்பு பெருகுது" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "ஓம், அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

மழையில்லாத காலம். காட்டிலும் வரம்பிலும் பச்சை கருகிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றுகிற கிணற்றடியில்தான் பூண்டு என்று ஒன்று இருந்தது. அந்த இரண்டு கிழமையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிந்தால் மண்வெட்டியால் புல்லுச் செருக்குகிற சத்தம்தான். ஒரு வீட்டில் விளக்குமாற்றால் கூட்டிய கோடு அழிந்துவிடும் என்று கோழிகளைக் கூடையால் மூடி வைத்தார்கள். நான் புள்ளிக் கொப்பியோடு வளவு வளவாகப் போனேன். என்னையே எனக்குப் பிடித்துக்கொண்ட நாட்கள் அவை.

நாகம்மா அக்காவின் வளவு தாம்பாளம்போல இருந்தது. கிணற்றடியில் மட்டும் ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சைத் திட்டு.

"அக்கா, உதையும் புடுங்கினால் முதற்பரிசு உங்களுக்குத்தான்" என்றேன்.

"அது கிடக்கட்டும் தம்பி."

"என்ன அது?"

அக்கா என்னைப் பார்த்தா. செடியைப் பார்த்தா. அந்த முகத்தில் ஒரு தவிப்பு வந்தது. நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

"அது... அது சும்மா" என்றா.

"சும்மா எண்டால் புடுங்குங்கோவன். நாளைக்குக் காலமை திரும்பி வாறன்."

அடுத்தநாள் போனபோது கிணற்றடி மொட்டையாக இருந்தது. நூறுக்கு நூறு. பெற்றோல்மக்ஸை அக்கா கையில் கொடுத்தபோது சனம் கைதட்டியது. நான் அரைமணி நேரம் சுகாதாரம் பற்றிப் பேசினேன். மேலிடத்திலிருந்து என்னைப் பாராட்டிக் கடிதமும் வந்தது.

கடிதம் வந்து பத்து நாளில் எனக்குச் சோறு பிடிக்கவில்லை. பிறகு காய்ச்சல். பிறகு ஒருநாள் காலமை முகம் வழிக்கக் கண்ணாடியைப் பார்த்தால், கண் இரண்டும் எலுமிச்சம்பழம்.

கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. மாப்பிள்ளைக்கு ஈரலில் வருத்தம் என்று காற்றுவாக்கில் ஒரு சொல் சாவகச்சேரிக்குப் போனால் போதும், கதை முடிந்தது. அந்தக் காலத்தில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் சம்பந்தம் முறிந்திருக்கிறது. உயிர் போய்விடுமோ என்றுகூட நான் பயப்படவில்லை. அந்தப் பெண் எனக்கில்லை என்று ஆகிவிடுமோ என்றுதான் பயம். சைக்கிளை உருட்டிக்கொண்டு அரசாங்க மருந்துச்சாலை அப்போதிக்கரியிடம் போனேன். "இதுக்கு மருந்தெண்டு ஒண்டுமில்லை. படுத்து ஆறுங்கோ, குளுக்கோசு குடியுங்கோ" என்றார். வாசல்வரை வந்து, அக்கம்பக்கம் பார்த்து, காதுக்குள் "எதுக்கும் அந்த அக்காவிட்டை ஒருக்காப் போங்கோ" என்றார்.

போனேன். நாகம்மா அக்கா என் கண் மடலை இழுத்துப் பார்த்தா. தன் மொட்டைக் கிணற்றடியைப் பார்த்தா. பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டா.

"ஏனக்கா?"

"பேசாதேங்கோ தம்பி. நீங்கள் கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது."

அன்று முழுக்க அக்கா வீடு வீடாகப் போயிருக்கிறா. "அது கிடக்கோ?" என்று கேட்டிருக்கிறா. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"நாங்கள் செருக்கிப் போட்டம். உங்கட வளவில கிடக்குமெண்டு நினைச்சம்."

"நான் உங்கடயில கிடக்குமெண்டெல்லோ நினைச்சனான்!" என்று அக்கா கத்திய கத்து வாய்க்கால் கடந்து எனக்கே கேட்டது. அப்போதுதான் எனக்கு விசயம் மெல்ல மெல்ல விளங்கியது. ஊர் மருந்தை ஊரைக்கொண்டே பிடுங்கி எறிவித்திருக்கிறேன். ஒரு மனிசராவது 'ஓவசியர், உது செங்கண்மாரிக்கு மருந்து' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். சொன்னால் பலிக்காதாம். பலிக்க வேண்டும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்கியிருக்கிறார்கள்! இப்படி ஒரு சனத்தை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

அந்த நேரம் பார்த்துச் சாவகச்சேரியிலிருந்து தபால் அட்டை. பெண்ணின் தகப்பனார் வருகிற சனிக்கிழமை குடியேற்றத்தைப் பார்க்க வருகிறாராம். குடியேற்றத்தையாம்! என்னைத்தான் பார்க்க வருகிறார் என்று மாட்டுக்கும் விளங்கும்.

சனிக்கிழமை காலமை நாகம்மா அக்காவும் வேலுப்பிள்ளை அண்ணரும் வந்து என்னைக் கதிரையில் இருத்தினார்கள். அக்கா நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் நனைத்து, என் இரண்டு கண்ணிலும் வைத்து, வெள்ளைச் சீலையால் இறுக்கிக் கட்டினா. கண்ணில் தூசி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். முகத்துக்கும் கைக்கும் மஞ்சளை அரைத்து அப்பினா. வெக்கைக் கொப்புளத்துக்குப் பத்து, அவ்வளவுதான். மஞ்சள் நிறத்தை மஞ்சளாலேயே மறைத்த கெட்டித்தனத்தை நான் இன்றைக்கும் மெச்சுவேன்.

அப்போது முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற திரேசம்மா வந்தா. கிழமைக்கொருமுறை பரந்தன் பஸ்ஸில் வந்து இறங்கி, கூடையோடு வளவு வளவாகத் திரிகிறவ. கால் கழுவ என் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக் கிணற்றடிக்குப் போனவ, அங்கேயிருந்து ஒரு சத்தம் போட்டா.

"எடி நாகம்மா! ஓடி வா! ஊரெல்லாம் தேடித் திரியிறியாம். இஞ்ச ஓவசியற்றை கோடிக்குள்ள காடாய்க் கிடக்குதடி, கீ..."

நாகம்மா அக்கா ஓடிப்போய்த் திரேசம்மாவின் வாயைப் பொத்தியதாகப் பிறகு சொன்னார்கள். கண் கட்டியிருந்ததால் அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும். ஊரின் புல்லையெல்லாம் எண்ணிய நடுவர் தன் கோடிப்புறத்தை ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. நான் குளிக்கிற தண்ணீரெல்லாம் தேங்கி, குடியேற்றத்திலேயே ஊத்தையான வளவு என்னுடையதாக இருந்திருக்கிறது. என்னுடைய விதிப்படி பார்த்தால் எனக்குப் புள்ளி பூச்சியத்துக்கும் கீழே.

காற்றாகக் கதை பரவி ஊரே வந்துவிட்டது. ஒரு செடியும் மிதிபடக் கூடாது என்று எல்லோரும் முழங்காலில் நின்று தேடினார்கள். மருந்துக்கு வேண்டியது போக, ஆளுக்கொரு செடி வேரும் மண்ணுமாகத் தங்கள் கிணற்றடிக்கும் எடுத்துக்கொண்டார்கள். புள்ளிக்காகப் பிடுங்கி எறிந்தவர்கள் எல்லோரும்தான்!

அந்த நேரத்தில் வாசல் படலையடியில் ஒரு வண்டில் வந்து நின்றது.

"என்ன இது, சிரமதானமோ?" என்று ஒரு புதுக்குரல் கேட்டது. பெண்ணின் தகப்பனார்தான்.

"ஓம் ஐயா" என்றார் வேலுப்பிள்ளை அண்ணர், கொஞ்சமும் தடுமாறாமல். "ஓவசியர் ஐயாவின்ரை வளவெண்டால் சனம் கூப்பிடாமலே வந்திடும்."

"தம்பிக்குக் கண்ணில என்ன?"

"தூசி. நந்தியாவட்டை வைச்சுக் கட்டியிருக்கிறன்" என்றா அக்கா.

"மேலில மஞ்சள்?"

"வெக்கை ஐயா. இஞ்சத்த வெக்கை தெரியும்தானே."

அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வெற்றிலை மணந்தது. என் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கோடிப்புறத்தில் இவ்வளவு சனம் நின்றும் ஒரு பேச்சுச் சத்தமில்லை. தேத்தண்ணி குடித்தார். எழும்பும்போது, "தம்பி, உப்பைக் கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் சொல்கிற பொதுப் புத்தி என்று நான் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளையும் மாமனாரும் முதன்முதல் சந்தித்தது இப்படித்தான், ஒருவர் முகத்தை மற்றவர் சரியாகப் பார்க்காமலே.

அடுத்தநாள் விடிய அந்த மோர் வந்தது. மூன்று நாள் குடித்தேன். நாலு கிழமையில் கண் வெளுத்தது. படுத்து ஆறியதால் மாறியது என்றார் அப்போதிக்கரி. நாகம்மா அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு எது உண்மை என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. அடுத்த வருடப் போட்டியில் ஒரு புது விதி மட்டும் சேர்த்தேன். 'கிணற்றடியில் தானாக முளைப்பவற்றுக்குப் புள்ளி குறைக்கப்பட மாட்டாது.' மேலிடத்திலிருந்து காரணம் கேட்டு எழுதினார்கள். சொல்வதற்கில்லை என்று பதில் போட்டேன். பாராட்டுக் கடிதம் அதற்குப் பிறகு வரவில்லை.

கல்யாணம் நடந்து பத்து வருடமிருக்கும். ஒருநாள் குசினியில் பிள்ளைக்கு மல்லித்தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்த மனைவியிடம், அவளுடைய தகப்பனாரை எப்படி ஏமாற்றினோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அப்பாவுக்கு அண்டைக்கே தெரியும். எங்கட கிணத்தடியிலும் அதுதானே கிடந்தது. உங்கட நகத்தைப் பாத்தவராம்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் பலிக்காதெல்லோ. வீட்டை வந்து அம்மாவிட்டைச் சொன்னவர், ஒரு ஊர்ச் சனம் முழங்காலில நிண்டு பெடியனுக்கு மருந்து தேடுது, குடுக்கலாமெண்டு."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வெட்கமா, சந்தோசமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் அப்போது உயிரோடு இல்லை, காலில் விழவும் வழியில்லை.

யுத்தமெல்லாம் முடிந்து, இடம்பெயர்ந்த சனம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கிய ஒரு மாரிக்காலத்தில், மகனைத் தொந்தரவுபடுத்தி, ஓட்டோ ஒன்று பிடித்து அங்கே போனேன். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள் அப்போது. சங்கக் கட்டிடம் நின்ற இடம் தெரியவில்லை. என் வீடும் இல்லை. வேலுப்பிள்ளை அண்ணரின் ஆட்கள் எங்கே என்று கேட்கக்கூட அங்கே பழைய ஆள் ஒருவரும் இல்லை. நாகம்மா அக்காவின் வளவைக் கிணற்றை வைத்துத்தான் பிடித்தேன். கிணற்றடியில் தொடங்கி, முற்றம் முழுக்க, வீடு இருந்த இடத்துக்கு மேலாலும், கணுக்கால் உயரத்துக்கு அதுதான். குனிந்து ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் வரிசையாகக் காய்.

நூறு புள்ளி கொடுத்த வளவு. எண்ணிக் குறைக்கத் தொடங்கினால் எனக்கு மிச்ச ஆயுள் காணாது. பிடுங்கச் சொல்லி அதட்டவும், வாயை மூடிக்கொண்டு பிடுங்கவும், பிறகு முழங்காலில் நின்று தேடவும் அங்கே ஒரு மனிசரும் இல்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கிழவர்கள் அழுதால் மூக்குத்தான் கூட ஒழுகும், அழகாக இராது.

ஓட்டோக்காரப் பெடியன் கிட்ட வந்தான். "என்ன ஐயா, என்னத்தைத் தேடுறியள்? உது என்ன பூண்டு?"

பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த வளவுக்கு யாராவது திரும்பி வந்தால், அவர்களுக்குப் பலிக்க வேண்டுமே.

"அது சும்மா, தம்பி" என்றேன். "கிடக்கட்டும்."